மாட்டுக்கு டிபி சோதனை: ஊசி போட்டவரே நாலாம் நாள் வந்து அளக்க வேண்டும்

"ஊசி போட்டதும் ரிசல்ட் தெரிஞ்சிடுமா டாக்டர்?" பண்ணைக்காரர்கள் முதலில் கேட்பது இதைத்தான். தெரியாது. மாட்டுக் காசநோய்க்கான தோல் சோதனைக்கு இரண்டு தடவை போக வேண்டும். ஊசி போட ஒரு தடவை, 72 மணி நேரம் கழித்துத் தடிப்பை அளக்க இன்னொரு தடவை. திங்கள் காலை ஏழு மணிக்குப் போட்டால் வியாழன் காலை ஏழு மணிக்குக் கொட்டகையில் நிற்க வேண்டும். அந்த வியாழன் ஊர்த் திருவிழாவா, கறவை ஆள் லீவா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வர முடியாது என்றால் ஊசியே போடாதீர்கள். டியூபர்குலின் என்ற இந்தச் சோதனை மருந்தைப் போட்ட மாட்டுக்கு உடனே மறுபடி போட்டால் தோல் சரியாக வினை காட்டாது. குறைந்தது 42 நாள் காத்திருக்க வேண்டிவரும்.

கன்று ஈன்று ஒரு மாதம்கூட ஆகாத மாட்டைத் தள்ளிவையுங்கள், அந்தச் சமயத்தில் தடிப்பு வராமல் போகலாம். சமீபத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்ட மாட்டுக்கும் அப்படித்தான். மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில், வெளிச்சம் படாமல் கொண்டுபோக வேண்டும். பைக் பெட்டியில் வெயிலில் வைத்துப் போன மருந்தால் எல்லா மாடும் நல்ல மாடாகத் தெரியும்.

நான் ஒப்பீட்டுச் சோதனையைத்தான் செய்கிறேன். ஒரே கழுத்தில் இரண்டு ஊசி. மேலே பறவைக் காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த பறவை டியூபர்குலின், கீழே மாட்டுக் காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த மாட்டு டியூபர்குலின். மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் காசநோய்க் கிருமியின் தூரத்து உறவுகளும், ஜோனீஸ் என்ற குடல் நோயும் மாட்டின் உடம்பைப் பழக்கிவைத்திருக்கும். மாட்டு டியூபர்குலினை மட்டும் போட்டால் அந்த மாட்டுக்கும் தடித்துவிடும். பறவை டியூபர்குலின் பக்கத்தில் இருந்தால் எது எதனால் வந்தது என்று பிரிக்கலாம்.

மாட்டை டிரெவிஸில், அதாவது அசையாமல் நிறுத்தும் சட்டத்தில் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் மூக்கணாங்கயிற்றைக் குட்டையாகப் பிடித்துக்கொள்ளப் பழகிய ஆள் வேண்டும். முதலில் காதுவில்லையில் இருக்கும் 12 இலக்க எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். "அந்தச் செவலை, இந்தக் கறுப்பு" என்று எழுதினால் வியாழக்கிழமை இரண்டு செவலை வந்து நிற்கும். கழுத்தின் நடுப்பகுதியில் முடியை ஒட்டக் கத்தரியுங்கள். மேல் இடம் கழுத்து முகட்டிலிருந்து சுமார் 10 செ.மீ. இறங்கி, கீழ் இடம் அதிலிருந்து 12 முதல் 15 செ.மீ. தள்ளி. சின்னக் கன்றுக்குக் கழுத்தில் இடம் போதாவிட்டால் பக்கத்துக்கு ஒன்றாகப் போடுங்கள்.

இப்போது காலிப்பர், தோலின் தடிமனை அளக்கும் கருவி. தோலை இரண்டு விரலால் மடித்துப் பிடித்து அளந்து, மில்லிமீட்டரில் எழுதுங்கள். ஊசி போடுவதற்கு முன்னால் அளக்க வேண்டும். பிறகு 0.1 மில்லி மருந்தைச் சாய்வாக, தோலுக்குள்ளேயே செலுத்த வேண்டும். உள்ளே போனதும் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். தோலுக்குள் ஒரு பட்டாணி அகப்பட வேண்டும். அகப்படவில்லை என்றால் மருந்து தோலுக்குக் கீழே இறங்கிவிட்டது, அந்த இடம் வீண். அந்தப் பட்டாணி கையில் படாமல் நான் அடுத்த மாட்டுக்கு நகர்வதே இல்லை.

நாலாம் நாள் அதே ஆள், அதே காலிப்பர். ஆள் மாறினால் மடிப்பைப் பிடிக்கும் அழுத்தம் மாறும், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அதிலேயே போய்விடும். கணக்கு இதுதான்: மேல் இடம் 6 மி.மீ. இருந்து 8 ஆனது, ஏற்றம் 2. கீழ் இடம் 7 இருந்து 14 ஆனது, ஏற்றம் 7. கீழ் ஏற்றத்திலிருந்து மேல் ஏற்றத்தைக் கழித்தால் 5. நாலைத் தாண்டினால் நோய் உள்ள மாடு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். 1 முதல் 4 வரை என்றால் சந்தேகம். தனியே கட்டி, 42 நாள் கழித்து மறுபடி பாருங்கள். இன்னொரு மாட்டுக்கு மேலே 6 இருந்து 13, கீழே 6 இருந்து 12. கண்ணால் பார்த்தால் இரண்டும் பெரிய கட்டிதான், பண்ணைக்காரர் முகம் வெளுத்துவிடும். ஆனால் மேல் ஏற்றம்தான் அதிகம், ஆகவே இந்தச் சோதனைப்படி நெகட்டிவ். அளக்காமல் பார்வையில் சொன்னால் நல்ல கறவை மாடு ஒன்று வீணாகப் போயிருக்கும். எண்ணோடு சேர்த்துத் தொட்டும் பாருங்கள். சூடு, வலி, கொழகொழவென்ற வீக்கம், தோல் கருகுவது எல்லாம் கீழ் இடத்தில் இருந்தால் எழுதிவையுங்கள்.

ஒரு பண்ணையில் வயதான கலப்பின மாடு ஒன்று. நன்றாகத் தின்னும், ஆனால் விலா எலும்பு தெரியும். தண்ணீர் குடித்ததும் மெதுவாக இருமும். சோதனையில் ஒரு மில்லிமீட்டர்கூட ஏறவில்லை. நெகட்டிவ் என்று எழுதிக்கொடுத்தேன். சில மாதத்தில் செத்துப்போனதும் அறுத்துப் பார்த்தேன். நுரையீரல் நிறைய மஞ்சள் கட்டிகள், உள்ளே பாலாடை போல. கத்தி பட்டதும் மணலில் கீறுவதுபோல் நறநறத்தது. நோய் முற்றிவிட்டால் உடம்பு சோர்ந்து, தோல் வினையே காட்டாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் தாளில் இருந்த எண்ணை மட்டும் நம்பினேன். அந்த மாட்டுப் பாலைக் குடித்த கன்றுகளை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. மெலிவும் இருமலும் உள்ள மாடு நெகட்டிவ் காட்டினாலும் தனியே கட்டுங்கள். வசதி இருந்தால் காமா இன்டர்ஃபெரான் ரத்தச் சோதனைக்கு அனுப்புங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் உள்ள குழாயில் எடுத்த ரத்தம், உயிரணுக்கள் உயிரோடு இருக்கும்போதே லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். லேபில் பேசிவிட்டு அப்புறம் ஊசியை எடுங்கள்.

பாசிட்டிவ் வந்தால் என்ன செய்வது? நோயுள்ள மாட்டைக் கட்டாயமாக அகற்றி இழப்பீடு தரும் நாடு தழுவிய டிபி திட்டம் நம்மிடம் இல்லை. அதனால்தான் அந்த மாடு அடுத்த சந்தையில் அடுத்த விவசாயியின் தலையில் விழுகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தனிக் கொட்டகை, தனித் தண்ணீர்த்தொட்டி, தனி ஆள். கன்றைப் பிரித்து, நல்ல பாலைக் காய்ச்சிக் கொடுங்கள். வீட்டில் யாரும் பச்சைப்பால் குடிக்க வேண்டாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 2018-19இல் மனித நோயாளிகளின் 940 கிருமி வளர்ப்புகளைப் பார்த்தார்கள். மாட்டு டிபி என்று நாம் படித்த போவிஸ் கிருமி அதில் இல்லை, கால்நடைகளில் காணப்படும் ஓரிஜிஸ் என்ற கிருமி 7 பேரிடம் இருந்தது. எண்ணிக்கை சின்னதுதான். ஆனாலும் கொட்டகையில் படுத்துறங்கும் ஆளுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

மனிதனிடமிருந்தும் மாட்டுக்கு வரும். ஆகவே மாட்டைப் பிரித்த அன்றே கறவை ஆளையும் வீட்டாரையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிச் சளிப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள், காசு கிடையாது. நான் அந்தச் சீட்டை மாட்டுச் சீட்டோடு சேர்த்தே எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.