உடுப்புத் தோய்க்கிற தண்ணீரின் சூடு: நாங்கள் விடும் பிழைகள்

ரத்தம் பட்ட உடுப்பைச் சுடுதண்ணீரில் போடாதீர்கள். இதை முதலே சொல்கிறேன், ஏனென்றால் மற்றப் பிழைகளை ஓரளவு திருத்தலாம், இது கஷ்டம். ரத்தம், முட்டை, பால் எல்லாவற்றிலும் புரதம் இருக்கிறது, முட்டை அவிந்து இறுகுவதுபோல அந்தக் கறையும் சூட்டில் இறுகி நூலைப் பிடித்துக்கொள்ளும். பச்சைத்தண்ணீரில் ஊறவிட்டு அலசி, அதற்குப் பிறகுதான் சவர்க்காரம். ஆனால் மத்தியானம் கூரைத் தாங்கியிலிருந்து வருவது பச்சைத்தண்ணீர் இல்லை, கறுப்புத் தாங்கி என்றால் கையே சுடும். மகனின் வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டையை அப்படிக் குழாயில் பிடித்துத்தான் பழுதாக்கினேன், கறை கடைசிவரை போகவில்லை. அந்த நேரத்தில் கிணற்றில் ஒரு வாளி அள்ளுங்கள்.

அடுத்தது மெஷினில் உள்ள 30, 40, 60 பாகைச் சூடு. கனடாவில் இருக்கிற சொந்தக்காரர் சொன்னார்கள் என்று எல்லாவற்றையும் 40இல் போடுகிறவர்கள் இங்கே யாழ்ப்பாணத்தில் நிறையப் பேர். அங்கே மாரியில் குழாய்த் தண்ணீர் 10 பாகைக்கும் கீழே போகும், அதைச் சூடாக்கத்தான் வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீரோ வருடம் முழுக்க 28 பாகையை ஒட்டித்தான் இருக்கும், அன்றாட உடுப்புக்கு அதுவே போதும். 15 லீற்றரை 60 பாகைக்கு ஏற்ற அரை யூனிட்டுக்கு மேல் கரண்ட் போகும், ஒவ்வொரு தோய்ப்புக்கும்!

வெள்ளை உடுப்பு மங்கினால் சூட்டைக் கூட்டுவதும் பிழைதான். யாழ்ப்பாணத்தில் நிலத்தடி முழுக்கச் சுண்ணாம்புக்கல், தண்ணீர் வன்னீர், அதாவது அந்தக் கல்லின் கல்சியம் கரைந்த தண்ணீர். சவர்க்காரத்தின் ஒரு பங்கை அந்தக் கல்சியமே தின்றுவிடும், நுரை வராது, வெள்ளைத் திரைபோல ஒன்று உடுப்பில் படியும். சூடாக்கினால் இன்னும் மோசம், கேற்றிலின் அடியில் பிடிக்கிற அதே வெள்ளைப் படை மெஷினின் ஹீற்றரிலும் பிடிக்கும், துவாய் காய்ந்தால் மட்டைபோல நிற்கும். தூளைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள். மாரியில் பீலியால் விழும் மழைத்தண்ணீரைப் பிடித்து வெள்ளையை அதில் தோய்த்துப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

அப்ப சூடு எதற்கு? வருத்தக்காரரின் பெட்சீற், துவாய், குழந்தையின் நப்கின். பருத்தி என்றால் 60இல் தனியாகப் போடுங்கள், தூசிப்பூச்சியும் சாகும். ஆனால் கொதிதண்ணீரைத் தூளின் மேல் ஊற்ற வேண்டாம், பல தூள்களில் கறையை உடைக்கிற நொதியம் இருக்கிறது, அதுவும் புரதம்தான், அவிந்துவிடும்.

பட்டுக்கும் சாயம் போகிற சிவப்புச் சால்வைக்கும் பச்சைத்தண்ணீர் மட்டும், அதுவும் தனியாக.

செம்மண் கறையைச் சூடு ஒன்றும் செய்யாது. தோட்டத்தால் வந்ததும் ஈரத்தோடு தேய்க்காமல் நன்றாகக் காயவிட்டு, தட்டி உதிர்த்து, பிறகு தோயுங்கள்.