டைப்களைக் கையால் நகலெடுக்காதீர்கள்

பேக்எண்டும் டைப்ஸ்கிரிப்டில் எழுதிய ஃப்ரண்ட்எண்டும் தனித்தனி ரெப்போவில் இருந்தால், டைப்களை (எந்தத் தரவு எண், எது ஸ்ட்ரிங் என்ற வரையறைகளை) அங்கிருந்து இங்கே காப்பி பண்ணாமல், பேக்எண்டின் ஏபிஐ எதை வாங்கும், எதைத் தரும் என்று விவரிக்கும் ஓபன்ஏபிஐ ஃபைலிலிருந்து ஓபன்ஏபிஐ-டைப்ஸ்கிரிப்ட் கருவி மூலம் உருவாக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் சிஐ-யில் (கோடு மாறும்போதெல்லாம் தானாகச் சோதித்து பில்ட் செய்யும் அமைப்பில்) அதே கட்டளையை மறுபடி ஓட்டி, கிட் டிஃப்பில் ஏதாவது மாற்றம் தெரிந்தால் பில்ட் தோற்கும்படி வையுங்கள். இந்த இரண்டாவது படிதான் முக்கியம், பலர் விட்டுவிடுவதும் இதைத்தான்.

காப்பி செய்த டைப் பழையதாகிவிட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள்: சர்வரில் ஆர்டர் ஐடி எண்ணிலிருந்து ஸ்ட்ரிங்காக மாறியிருக்கும், உங்கள் ஃபைல் இன்னும் எண் என்றே சொல்லும், கம்பைலரும் அதை நம்பி எல்லாம் சரி என்று விட்டுவிடும். ஃபைலிலிருந்து உருவாக்கினால் அதே மாற்றம், அந்த ஐடியை எண்ணாக எதிர்பார்க்கும் வரிகளில் பிழையாக வந்து நிற்கும். உருவாகும் ஃபைலில் வெறும் டைப்கள்தான், கம்பைல் ஆனதும் அவை மறைந்துவிடும் என்பதால் பிரவுசருக்குப் போகும் பண்டிலின் அளவும் அதிகரிக்காது.

இரண்டும் டைப்ஸ்கிரிப்டிலேயே, ஒரே மோனோரெப்போவில் (ஒரே பொது ரெப்போவில்) இருந்தால் இது வேண்டாம், நேரடியாக இம்போர்ட் டைப் போதும். ஓபன்ஏபிஐ ஃபைலையே யாரோ கையால் எழுதிப் பராமரிக்கிறார்கள் என்றால் பிரச்சினை இடம்தான் மாறும், தீராது. வெளியாட்களின் ஏபிஐ என்றால் டைப்பை மட்டும் நம்பாமல், வரும் தரவை ஸாட் (Zod) போன்ற சரிபார்ப்பு லைப்ரரி ஒன்றால் ரன்டைமில் சோதியுங்கள்.