கீரை கழுவக் குளோரின் எதற்கு? சந்தைச் சாமானைச் சுத்தம் செய்யும்போது விடுகிற பிழைகள்

2020 மார்ச் 20ஆம் திகதி பின்னேரம் கொரோனா ஊரடங்கு தொடங்கிய பிறகு, எங்கள் ஒழுங்கைக்குச் சந்தை என்றால் மரக்கறி ஏற்றி வந்த லொறிதான். ஹோர்ன் சத்தம் கேட்டதும் ஆட்கள் படலைக்கு ஓடுவார்கள். அப்படி வாங்கிய ஒரு கட்டு வல்லாரையை அம்மா கிணற்றடியில் பேசினில் போட்டு, நிலம் துடைக்க வைத்திருந்த குளோரின் தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊற வைத்தார். பிறகு நன்றாக அலசியும் இருந்தார். ஆனாலும் மத்தியானச் சம்பலில் தேங்காய்ப்பூவின் மணத்தையும் தேசிக்காயின் மணத்தையும் காணவில்லை. சுகாதாரப் பரிசோதகர் குளோரின் போட்டுவிட்டுப் போன கிணற்றின் மணம்தான் வந்தது. அப்பா ஒரு வாய் வைத்துவிட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டார்.

அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நாட்களில் உலகம் முழுவதும் இதே பயம்தான். 2020 மே மாதம் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 502 பேரிடம் விசாரித்தபோது, 19 வீதமானோர் பழம், மரக்கறியைக் குளோரின் போட்டுக் கழுவியதாகச் சொன்னார்கள். கொரோனா போய்விட்டது, பழக்கம் போகவில்லை. இன்னும் சில குசினிகளில் அந்தப் போத்தல் பாத்திரம் கழுவும் இடத்திலேயே நிற்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டுக்கு வாங்கும் குளோரின் திரவம் நிலத்துக்கும் மேசைக்கும் கதவுப் பிடிக்கும் உரியது. 5 வீதத் திரவம் என்றால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு 20 மில்லிலீற்றர் போதும். அன்றன்றைக்குக் கலக்க வேண்டும், வைத்திருந்தால் வீரியம் குறைந்துவிடும். சாப்பாட்டுச் சாமானில் அது படவே கூடாது. சவர்க்காரமும் அப்படித்தான். தக்காளியின் தோல் வழுவழுப்பாகத் தெரிந்தாலும் அதிலும் நுண்ணிய துளைகள் உண்டு. கீரையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. உள்ளே போன சவர்க்காரம் அலசினாலும் முழுதாக வராது. சத்தி, வயிற்றோட்டம் வரும். மஞ்சள் தண்ணீரில் போட்டால் கிருமி சாகும் என்று நம்பியிருப்பதும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவினால் போதும். உருளைக்கிழங்கு, கரட் போன்றவற்றை ஒரு பிரஷ்ஷால் உரசலாம்.

எல்லாவற்றிலும் எனக்குப் பயமானது கலப்பதுதான். குளோரினோடு வினாகிரியோ தேசிக்காய்ப் புளியோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மலசலகூடம் கழுவும் அமிலத்தோடு சேர்ந்தாலும் அதேதான். அமோனியா உள்ள கிளீனரோடு சேர்ந்தால் வேறொரு நச்சு வாயு. இரண்டையும் சேர்த்தால் இரண்டு மடங்கு சுத்தம் என்று நினைத்து, கதவு சாத்திய குளியலறைக்குள் நின்று கலக்கிறவர்கள் இருக்கிறார்கள். கண் எரிந்து இருமல் வந்தால் வாளியைத் தூக்கி ஊற்றப் பார்க்காதீர்கள். போட்டது போட்டபடி வெளியே வாருங்கள்.

நம் ஊருக்கே உரிய ஒரு பிழையும் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக் கிணறு சுண்ணாம்புக்கல்லில் வெட்டிய கிணறு. வெடிப்புகளுக்குள்ளால் மலசலகூடக் குழியின் அழுக்கு கிணற்றுக்கு வர அதிக நேரம் வேண்டாம். கொரோனாவுக்குப் பயந்து பக்கற்றைத் துடைத்துக்கொண்டிருந்த நாங்கள், பச்சையாகத் தின்னும் வல்லாரையைக் காய்ச்சாத தண்ணீரில் அலசிவிட்டுச் சம்பல் போட்டோம். மண் போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசிய பிறகு, கடைசித் தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்கட்டும். முருங்கையிலை, பொன்னாங்காணி அடுப்பில் வேகிறவை. அவற்றுக்கு இந்தச் சிரமம் இல்லை.

வாங்கி வந்த கையோடு எல்லாவற்றையும் கழுவி அடுக்குவதும் பிழை. ஈரத்தோடு வைத்த கீரை இரண்டு நாளில் அழுகும், சின்ன வெங்காயம் பூஞ்சணம் பிடிக்கும். சமைக்கும்போது கழுவுங்கள். முட்டையைக் கழுவி வைக்க வேண்டாம். கோதின் துளைகளுக்குள்ளால் ஈரத்தோடு கிருமியும் உள்ளே போகும். எச்சம் ஒட்டியிருந்தால் உடைக்கப் போகும் நேரத்தில் கழுவலாம். கோழி இறைச்சியைக் குழாயின் கீழ் பிடித்தால் தெறிக்கும் தண்ணீர் பக்கத்தில் இருக்கும் தக்காளியிலும் படும். அதற்குத் தனிச் சட்டி, தனிப் பலகை.

சரி, சீனி, பருப்புப் பக்கற்றுகள்? 2020இல் ஆய்வுகூடத்தில் பார்த்தபோது கொரோனா வைரஸ் பிளாஸ்ரிக்கில் 72 மணித்தியாலம் வரையும், மட்டையில் 24 மணித்தியாலம் வரையும் கிடந்தது. எல்லாரும் பக்கற்றைத் துடைக்கத் தொடங்கியது இதைக் கேட்டுத்தான். ஆனால் கிடப்பது வேறு, தொற்றுவது வேறு. 2021 ஏப்ரலில் அதே அமெரிக்க மையம், கிருமி பட்ட ஒரு பரப்பைத் தொடுவதால் தொற்றும் வாய்ப்பு பொதுவாக 10,000இல் ஒன்றிலும் குறைவு என்றது. சாமானை அடுக்கிவிட்டுச் சவர்க்காரம் போட்டு 20 செக்கன் கை கழுவினால் பக்கற்றின் கதை முடிந்தது. சனிடைசர் அடித்த கையோடு உடனே காஸ் அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள். அது மதுசாரம், கை காயும் வரை நிற்க வேண்டும்.

குளோரின் திரவத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைத்திருக்கிறீர்கள் என்றால் இன்றைக்கே மாற்றுங்கள். பெயர் எழுதி ஒட்டினாலும் நாலு வயதுப் பிள்ளை வாசிக்காது. வாங்கிய போத்தலிலேயே, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். தவறிக் குடித்துவிட்டால் சத்தி எடுக்க வைக்க வேண்டாம். குடித்தது திரும்பி வரும்போது தொண்டையை இன்னொரு தடவை எரிக்கும். வாயைக் கொப்பளிக்க வைத்து 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள், போத்தலையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பிள்ளை குடித்தது என்ன என்பதை டொக்டர் அதைப் பார்த்துத்தான் அறிவார்.