கல்யாணம் எந்த மாதம்? ஹனிமூன் தீவும் ரிசார்ட்டும் தேர்ந்தெடுக்கும் வழி

ஹனிமூனுக்கு எந்தத் தீவு என்ற பேச்சு வந்ததும் எல்லோரும் இன்ஸ்டாகிராமைத் திறக்கிறார்கள். அதை மூடிவிட்டுக் கல்யாணப் பத்திரிகையை எடுங்கள். அதில் இருக்கும் மாதம்தான் தீவை முடிவு செய்ய வேண்டும். ஒரே நாளில் ஒரு கரையில் படகை விடவே முடியாதபடி அலை அடிக்கும், சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் இன்னொரு கரையில் கடல் குளம் மாதிரி கிடக்கும். நீங்கள் பார்த்து மயங்கிய போட்டோ பிப்ரவரியில் எடுத்ததாக இருக்கும், நீங்கள் போய் இறங்குவது ஜூனில்.

தை, மாசி, பங்குனியில் கல்யாணம் என்றால் கவலையே இல்லை. மாலத்தீவு, அந்தமான், தாய்லாந்தின் ஃபுக்கெட், மலேசியாவின் லங்காவி, இலங்கையின் தெற்குக் கரை என எல்லாமே அப்போது நன்றாக இருக்கும், விலைதான் உச்சத்தில் நிற்கும். அதிலும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில் பல ரிசார்ட்டுகள் கட்டாய விருந்துக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகையைப் பில்லில் ஏற்றிவிடும். மார்கழியில் நம் வீடுகளில் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் பெரும்பாலோர் இதிலிருந்து தப்பித்துவிடுகிறோம்.

வைகாசி, ஆனி முகூர்த்தக்காரர்கள்தான் யோசிக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை முதலில் எட்டிப் பார்க்கும் இடங்களில் ஒன்று அந்தமான், மே மாதப் பிற்பாதியிலேயே வந்துவிடும். கடல் கொந்தளித்தால் தீவுக்குத் தீவு ஓடும் படகுகள் ரத்தாகும், இரண்டு நாளை போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) ஹோட்டல் அறையிலேயே கழிக்க நேரும். அந்தச் சமயத்தில் பாலியில் வறண்ட காலம், ஏப்ரலில் இருந்து அக்டோபர் வரை. ஆனால் கடலில் இறங்கி ஆடத்தான் போகிறோம் என்றால் பாலி அவ்வளவு பொருத்தமில்லை, கூட்டா பக்கமெல்லாம் அலைச்சறுக்குக்காரர்களின் கடல். உபுதில் வயல்வெளி பார்த்த வில்லா, தனி நீச்சல் குளம், கோயில்கள் என்று போகிறவர்களுக்கு அது அருமையான இடம். மொரிஷியஸில் அப்போது குளிர்காலம், மழை குறைவு, காற்று தென்கிழக்கில் இருந்து வீசும். அதனால் கிழக்குக் கரையை விட்டுவிட்டு மேற்கில் ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் பக்கம் அறை பாருங்கள்.

நம்மவர்கள் அதிகம் கவனிக்காத இன்னொரு இடம் இலங்கையின் கிழக்குக் கரை. மேற்கிலும் தெற்கிலும் மழை பெய்யும் மே முதல் செப்டம்பர் வரைதான் திருகோணமலையின் நிலாவெளியிலும் மட்டக்களப்புப் பக்கம் பாசிக்குடாவிலும் கடல் தெளிந்து அடங்கி இருக்கும். பாசிக்குடாவில் கரையில் இருந்து நெடுந்தூரம் இடுப்பளவுத் தண்ணீர்தான். நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவில் பவளப்பாறை பார்க்கலாம், பேச்சு தமிழிலேயே ஓடும், சோறும் கிடைக்கும். கொழும்பில் இறங்கினால் சாலை வழி ஐந்தாறு மணி நேரம் ஆகும் என்பது மட்டும்தான் குறை.

ஆவணிக்கும் இதே கணக்குத்தான், கூடவே தாய்லாந்தின் கோ சமுயையும் சேர்த்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை சிக்கலான காலம். சமுய்க்கும் திருகோணமலைக்கும் அப்போதுதான் பெருமழை. ஃபுக்கெட் நவம்பர் பாதிக்கு மேல்தான் தெளியும். அவசரமில்லை என்றால் டிசம்பர் முதல் பாதி வரை தள்ளிப்போடுங்கள், விலையும் இன்னும் ஏறியிருக்காது.

அந்தமானைப் பற்றி ஒரு வார்த்தை. பாஸ்போர்ட் வேண்டாம், சென்னையில் இருந்து நேர் விமானம், ஹேவ்லாக் தீவின் (இப்போது சுவராஜ் தீவு) ராதாநகர் கடற்கரைக்கு ஈடாக நம் பக்கத்தில் வேறு கரை கிடையாது. வெகு கிழக்கே இருந்தாலும் நம் கடிகாரமேதான் அங்கேயும் என்பதால் குளிர்காலத்தில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். பத்து மணிக்கு எழுந்து சாவகாசமாகக் கிளம்பும் ஜோடிக்குப் பாதி நாள் போய்விடும்.

இனி மாலத்தீவு. பெரும்பாலானவர்கள் மனதில் இருப்பது அதுதான், பணம் வீணாவதும் அங்கேதான் அதிகம். இந்தியர்களுக்கு அங்கே இறங்கியதும் சுற்றுலா விசா இலவசம், பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இமுகா என்ற இணையப் படிவத்தை நிரப்ப வேண்டும். அதற்கும் கட்டணம் கிடையாது, காசு கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் இல்லை.

அங்கே ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட்தான். அதனால் ரிசார்ட்டைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் விமானம் மாலேயில் எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று பாருங்கள். தூரத்து ரிசார்ட்டுகளுக்குத் தண்ணீரில் இறங்கும் சின்ன விமானமான சீப்ளேனில்தான் போக வேண்டும், அது பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். பிற்பகல் மூன்றரைக்கு மேல் இறங்கினால் அன்றைக்குச் சீப்ளேன் கிடைப்பது சந்தேகம், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஹுல்ஹுமாலேயில் ஒரு ராத்திரி தங்க வேண்டிவரும், ரிசார்ட்டுக்கு அந்த இரவுக்கும் பணம் கட்டியிருந்தால் அது போனதுதான். திரும்பும் நாளிலும் இதே தொல்லை, காலை விமானம் என்றால் முந்தைய நாளே தீவை விட்டுக் கிளம்ப வேண்டும். நான்கு இரவுப் பயணத்துக்கு வடக்கு மாலே, தெற்கு மாலே பவளத்தீவுக் கூட்டங்களில் ஸ்பீட்போட்டில் போகிற மாதிரி ரிசார்ட் எடுப்பதுதான் புத்திசாலித்தனம், ராத்திரியிலும் படகு உண்டு. சீப்ளேனில் இருந்து பார்க்கும் காட்சி அற்புதம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆளுக்குப் போய்வர 400 முதல் 600 டாலர் வரை ஆகும், 20 கிலோ பெட்டிக்கு மேல் தனிக் கட்டணம்.

அடுத்தது பில். இணையத்தில் ஒரு இரவுக்கு 300 டாலர் என்று போட்டிருக்கிறது, அதற்குக் கீழே பொடி எழுத்தில் வரிகள் தனி என்றும் இருக்கிறது என்று வையுங்கள். 10 சதவீத சேவைக் கட்டணம் சேர்த்தால் 330. அதன்மேல் 17 சதவீத சுற்றுலா ஜிஎஸ்டி, 2025 ஜூலையில் ஏற்றியது, 386 ஆகிறது. பசுமை வரி ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர், இரண்டு பேருக்கு 24. ஆக 410. நான்கு இரவுக்கு 1,640, சீப்ளேனுக்கு இரண்டு பேருக்கும் ஆயிரம் என்று வைத்தால் 2,640. ஆரம்பத்தில் மனதில் போட்ட கணக்கு 1,200. இரண்டு ரிசார்ட்டை ஒப்பிடும்போது இந்தக் கடைசித் தொகையை வைத்து மட்டும் ஒப்பிடுங்கள். ஏஜென்ட் மூலம் பேக்கேஜாக எடுத்தால் டிசிஎஸ் என்ற வரியையும் முன்கூட்டியே பிடிப்பார்கள், அதை வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டுத் திட்டத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். தீவில் வேறு கடையே கிடையாது, காலை உணவு மட்டும் எடுத்துவிட்டு மற்ற வேளைக்கு மெனு கார்டைப் பார்த்தால் பசி அடங்கிவிடும். குடிக்காதவர்கள் மதுவும் அடங்கிய ஆல் இன்க்ளூசிவ் எடுப்பது தண்டம், மூன்று வேளைச் சாப்பாடு அடங்கிய ஃபுல் போர்டு போதும், தண்ணீர் பாட்டில் அதில் சேர்த்தியா என்று மட்டும் கேளுங்கள். சைவமா, மெயிலில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாலத்தீவுச் சமையலில் சூரை மீன் இல்லாத பண்டம் குறைவு.

ரிசார்ட்டின் சொந்தப் படங்களை நம்பாமல் கூகுள் மேப்பில் சாட்டிலைட் படத்தைத் திறந்து தீவைப் பெரிதாக்கிப் பாருங்கள், எந்த விமர்சனத்தையும்விட இது உதவும். தீவைச் சுற்றி வெளிர் நீலம் அகலமாகப் பரந்திருந்தால் அது மணல் தரை, ஆழம் குறைவு, நீச்சல் தெரியாதவர்களுக்கு நல்லது, ஆனால் மீன் பார்க்கப் படகில் போக வேண்டும். கரையை ஒட்டியே கருநீலம் தொடங்கினால் பாறை விளிம்பு பக்கத்தில் இருக்கிறது, மூச்சுக்குழாய் மாட்டி நீந்தி மீன் பார்க்கும் ஸ்நார்கெலிங் பிடித்தவர்களுக்குச் சொர்க்கம். தண்ணீரில் கோடு போட்ட மாதிரி சாம்பல் நிறத்தில் தெரிவது அலைத்தடுப்புக் கல், அதற்கு நேராக இருக்கும் வில்லாவில் உங்கள் கடல் காட்சி அந்தக் கல்தான். கடலுக்கு மேல் தூண் நட்டுக் கட்டிய வாட்டர் வில்லாக்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதும் தெரிந்துவிடும். பக்கத்து வில்லாக்காரர் காபி குடிப்பது தெரிகிற தூரத்தில் இருந்தால் என்ன தனிமை?

வாட்டர் வில்லா எல்லா இரவும் தேவையா என்றால், என்னைக் கேட்டால் இல்லை. முதல் இரண்டு இரவு கடற்கரை வில்லா, கடைசி இரண்டு இரவு வாட்டர் வில்லா என்று பிரித்துக் கேளுங்கள், பல ரிசார்ட்டுகள் ஒத்துக்கொள்ளும், செலவும் குறையும். மே முதல் அக்டோபர் வரை போகிறவர்கள் சூரிய அஸ்தமனம் தெரியும் வில்லாவுக்கு அதிகப் பணம் கொடுக்க வேண்டாம், காற்றும் மழையும் அடிப்பது அந்த மேற்குப் பக்கத்தில்தான்.

இவ்வளவு பட்ஜெட் இல்லையா? மாஃபுஷி, உகுல்ஹாஸ், திகுரா மாதிரி மக்கள் வசிக்கும் தீவுகளில் விருந்தினர் விடுதிகள் இருக்கின்றன, கடல் அதே கடல்தான். மது கிடையாது, நீச்சல் உடை அதற்கென ஒதுக்கிய கரையில் மட்டும். மாஃபுஷியில் கூட்டம் அதிகம், திகுரா நீளமான மணல் தீவு, அந்தப் பக்கம் திமிங்கலச் சுறா பார்க்கப் படகு போகும். மூன்று இரவு அங்கே, ஒரே ஒரு இரவு ரிசார்ட்டில் என்று போனாலும் ஆசை தீர்ந்துவிடும்.

டிக்கெட் போடும்போது மணமகள் பெயரைப் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே போடுங்கள், கணவர் பெயரைச் சேர்க்க வேண்டாம். சர்நேம் இடம் காலியாக இருக்கும் பாஸ்போர்ட் நம் ஊரில் நிறைய, அதற்கு எப்படிப் பதிவது என்று விமான நிறுவனத்திடமே கேட்டுவிடுங்கள். மறுவீடு, விருந்து, குலதெய்வம் கோயில் எல்லாம் முடியாமல் வீட்டில் விடமாட்டார்கள், எனவே ரிசப்ஷனுக்கு மறுநாள் காலை விமானத்தைப் பிடிக்கிற கனவெல்லாம் வேண்டாம்.

கேக், பூ அலங்காரம், ஒரு வேளை விருந்து போன்ற ஹனிமூன் சலுகைகளைப் புக் செய்யும்போதே கேட்க வேண்டும். பல இடங்களில் ஆறு மாதத்துக்குள்ளோ ஒரு வருடத்துக்குள்ளோ நடந்த திருமணத்தின் சான்றிதழ் கேட்பார்கள். பதிவு அலுவலகச் சான்றிதழ் கைக்கு வர நாளாகும் என்றால், பத்திரிகையும் போட்டோவும் போதுமா என்று மெயில் போட்டு, சரி என்று அவர்கள் எழுதிய பதிலைப் பிரின்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.