இன்று தேதி என்ன? அந்த அதிகாரத்தைத் திறங்கள்

வேதாகமத்தின் நீதிமொழிகள் புத்தகத்தில் 31 அதிகாரங்கள் உண்டு. இன்று 15ஆம் தேதியானால் 15ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். இது என் கண்டுபிடிப்பல்ல, சபைகளில் நெடுங்காலமாக இருக்கும் வழக்கம். ஆனால் இங்கே சிங்கப்பூரில் பலர் ஈசூனில் ரயில் ஏறி ராஃபிள்ஸ் பிளேஸில் இறங்குவதற்குள் கைப்பேசியில் ஓர் அதிகாரத்தை ஓட்டிவிடுகிறார்கள். அலுவலகத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும்போது கேட்டால் ஒரு வசனமும் வாயில் வருவதில்லை. முப்பது வசனம் வேண்டாம். ஒன்றைப் பிடியுங்கள். அதை இன்று எந்த இடத்தில், யாரிடம், எந்த நேரத்தில் கடைப்பிடிக்கப் போகிறீர்கள் என்று அப்போதே முடிவுசெய்யுங்கள். இடமும் ஆளும் சேராத வசனம் மத்தியானத்துக்குள் மறந்துபோகும்.

நான் ஒரு சரக்கு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறவள். வெள்ளிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். ஜெபம் முடிந்து முறுக்குத் தட்டு வெளியே வரும்போதுதான் மக்கள் உண்மையான கேள்விகளைக் கேட்பார்கள். அங்கே வரும் இளையவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழக்கத்தைச் சரிசெய்ய வேண்டும். ஆண்டின் கடைசி இரவு ஆராதனையில் வரும் ஆண்டுக்கென்று ஒரு வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுத்து வந்து குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவைக்கிறோம். 'அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே' என்ற எரேமியா 29:11 கிடைத்தால் அந்த ஆண்டு முழுவதும் கொண்டாட்டம்தான். கிடைத்தவர்கள் தயவுசெய்து அந்த அதிகாரத்தின் மேல்பாதியையும் வாசியுங்கள். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் அது. எழுபது வருஷம் ஆகும் என்று பத்தாம் வசனத்திலேயே சொல்லிவிடுகிறார். அதற்கும் முன்னால் வேலைப் பட்டியல் ஒன்று இருக்கிறது: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக விண்ணப்பம் பண்ணுங்கள். பிழைக்க வந்த ஊரை எப்போதும் 'இந்த ஊர்' என்றும் விட்டுவந்ததை 'நம்ம ஊர்' என்றும் பேசிக்கொண்டிருக்கும் நம்மவர்கள் அந்த ஏழாம் வசனத்தையும் அட்டையில் எழுதிக்கொள்ளலாம். எந்த வசனமானாலும் அதற்கு முன்னே பத்து வசனம், பின்னே பத்து வசனம் வாசித்த பிறகே எடுத்துக்கொள்ளுங்கள்.

நீதிமொழியை ஒப்பந்தமாகவும் வாசிக்காதீர்கள். 'பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து; அவன் முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான்' என்பதைக் காட்டி, மகன் சபைக்கு வராத ஒரு தாயை இன்னும் அழவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உலகில் காரியங்கள் பெரும்பாலும் எப்படி நடக்கும் என்று அந்தப் புத்தகம் சொல்கிறது. எப்போதும் அப்படியே நடக்காது என்பதைச் சொல்ல, நீதிமானாயிருந்தும் துன்பப்பட்ட யோபுவின் புத்தகம் இருக்கிறது.

இனி நடைமுறைக்கு வருவோம். நீதிமொழிகள் 15:1: 'மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும், கடுஞ்சொற்களோ கோபத்தை எழுப்பும்.' வீவக என்னும் அரசு அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த வசனம், சன்னலுக்கு வெளியே துணி காயப்போடும் மூங்கில் கழி வடிவத்தில் வரும். எங்களுக்கு மேல்மாடியில் ஒரு சீன மூதாட்டி. துணியைப் பிழியாமல் கழியில் போட, அந்த நீரெல்லாம் காய்ந்துகொண்டிருந்த என் போர்வைமேல் சொட்டியது. இந்த மாதிரி நேரத்தில் சன்னலிலிருந்து மேலே பார்த்துக் கத்தக்கூடாது, போர்வை கையில் இருக்கும்போதே படியேறவும் கூடாது. மாலை வரை பொறுத்து, சொல்லப்போகும் வாக்கியத்தை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். முதலில் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு இரண்டாவதை எடுத்துக்கொண்டு போங்கள். நான் கொண்டுபோனது இது: 'ஆன்டி, நீங்கள் துணி போடும் நேரத்தைச் சொன்னால் நான் என் துணியை முன்னதாகவே எடுத்துவிடுகிறேன்.' அவர் உள்ளே அழைத்துச் சலவை இயந்திரத்தைக் காட்டினார். அதில் பிழியும் பாகம் ஓடவில்லை. கையால் முறுக்கிப் பிழிய மணிக்கட்டில் வலு இல்லை. அடுத்த வாரம் அவருடைய மகன் ஆள் வைத்துச் சரிசெய்துவிட்டார்.

எல்லா வீட்டிலும் இப்படி முடியும் என்று சொல்லமாட்டேன். மெதுவாகப் பேசுவது வேறு, வாயை மூடிக்கொண்டிருப்பது வேறு. பேசியும் தீராத அண்டை வீட்டுச் சச்சரவுகளுக்குச் சட்ட அமைச்சின்கீழ் சமரச நிலையம் இருக்கிறது. அங்கே போவது விசுவாசக் குறைவு ஆகாது. போவதற்கு முன் 18:17ஐ வாசித்துக்கொள்ளுங்கள். வழக்கில் முதலில் பேசுகிறவன் நீதிமானாகத் தெரிவான், மற்றவன் வந்து அவனைச் சோதிக்கும்வரை.

வாட்ஸ்அப் குழுக்களைப் பற்றி அதிகம் பேச மனமில்லை. விடியற்காலையில் உரத்த சத்தத்தோடு சொல்லும் ஆசீர்வாதம் சாபமாக எண்ணப்படும் என்று 27:14 சொல்கிறது. ஐந்து மணிக்கு ரோஜாப்பூப் படம் அனுப்பும் அண்ணன்மார்கள் அதைத் தியானிக்கலாம். குழுவில் சண்டை மூளும்போது மட்டும் 26:4ஐயும் 26:5ஐயும் சேர்த்தே வாசியுங்கள். மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடாதே என்கிறது ஒன்று, கொடு என்கிறது அடுத்தது. முரண்பாடு என்று சிலர் சிரிப்பார்கள். எனக்கு அது வேதாகமத்திலேயே மிகவும் உபயோகமான இடங்களில் ஒன்று. பதில் சொன்னால் நானும் அவரைப் போல ஆகிவிடுவேனா, சொல்லாவிட்டால் அவர் தன்னை ஞானி என்று நினைத்துக்கொள்வாரா என்று பாருங்கள். எது பெரிய கேடோ அதைத் தவிருங்கள். பொய் மருத்துவச் செய்தி என்றால் நான் பதில் எழுதுவேன். பாடகர் குழுவில் யார் முன்வரிசை என்ற தகராறு என்றால் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

அதிகம் தேவைப்படுவது 6ஆம் அதிகாரம். எறும்பிடம் போகச் சொல்லும் வசனத்தை ஞாயிறு பள்ளியிலேயே எல்லாருக்கும் கற்றுக்கொடுத்துவிடுகிறோம். அதற்கு முந்திய ஐந்து வசனங்களை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. சிநேகிதனுக்காகப் பிணைப்பட்டவனை, அதாவது அவன் கடனுக்குத் தான் பொறுப்பு என்று ஒப்புக்கொண்டவனைப் பற்றியவை அவை.

முறுக்குத் தட்டின் பக்கத்தில் இது இப்படித்தான் ஆரம்பிக்கும். சபைத் தம்பி ஒருவர் கடைசிவரை நின்று, நாற்காலிகளை அடுக்க உதவிவிட்டு, 'அக்கா, ஒரே ஒரு கையெழுத்துதான். பணம் நான்தான் கட்டப்போகிறேன்' என்பார். உடனே ஆம் என்றும் சொல்லாதீர்கள், இல்லை என்றும் சொல்லாதீர்கள். காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்வது புத்தியீனம் என்பது 18:13. ஒப்பந்தத்தைக் கொண்டுவரச் சொல்லி, மேசையில் விரித்து, இருவருமாகக் கணக்குப் போடுங்கள்.

சிங்கப்பூரில் உரிமம் பெற்ற கடன்கொடுப்பவர் மாதத்துக்கு 4 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம். கடன் தொகையில் 10 விழுக்காடு வரை நிர்வாகக் கட்டணம் எடுக்கலாம். தவணை தாமதமானால் மாதத்துக்கு 60 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை தனியாகக் கேட்கலாம். 3,000 வெள்ளிக் கடனில் நிர்வாகக் கட்டணமாக முதலிலேயே 300 வெள்ளி கழிந்துவிட்டால் கையில் வருவது 2,700. வட்டியோ 3,000க்கு, முதல் மாதமே 120 வெள்ளி வரை. தம்பியின் சம்பளத்தில் வாடகை, சாப்பாடு, ஊருக்கு அனுப்புவது போக மிச்சம் எவ்வளவு என்று பக்கத்தில் எழுதுங்கள். பெரும்பாலும் அந்தத் தாளே பேசிவிடும், நீங்கள் வசனம் சொல்லவேண்டியிராது. கைப்பேசிச் செய்தியில் கடன் தருகிறேன் என்று வருகிறவர்களிடம் கணக்குப் போடவே வேண்டாம். கடனை வசூலிக்கக் கதவில் பெயிண்ட் ஊற்றுகிற அந்த உரிமமில்லாத கூட்டத்துக்கு எந்த வரம்பும் கிடையாது.

பிறகு, கையெழுத்துப் போடமாட்டேன் என்று தெளிவாகச் சொல்லுங்கள். அதோடு எழுந்து போய்விடாதீர்கள். திராணி இருக்கும்போது நன்மை செய்யாமல் இராதே என்று 3:27 நிற்கிறது. திரும்பி வராவிட்டாலும் உங்கள் வீட்டில் சண்டை வராத ஒரு தொகையைக் கணவரோடு அல்லது மனைவியோடு பேசி முடிவுசெய்து, கடனாக இல்லாமல் கொடையாகக் கொடுங்கள். கடன் கழுத்துவரை வந்துவிட்டிருந்தால் கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் போன்ற ஆலோசனை அமைப்புக்கு அவரோடு கூடவே போங்கள். கூடப் போவதுதான் முக்கியம். முகவரியை மட்டும் கொடுத்தால் வெட்கப்பட்டுப் போகமாட்டார்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்களுக்கும் அந்த ஐந்து வசனங்களில் வழி இருக்கிறது. உன்னைத் தாழ்த்திப் போய்க் கேள், கண்ணுக்கு நித்திரை வரவிடாதே, வேட்டைக்காரன் கைக்குத் தப்பும் வெளிமானைப் போலத் தப்பித்துக்கொள் என்கிறது. அதாவது இன்றே போக வேண்டும். கடன் வாங்கியவரிடம் இதுவரை கட்டிய ரசீதுகளைக் கேளுங்கள். கடன் கொடுத்தவரிடம் நிலுவை எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். பிணையிலிருந்து விடுவிக்க என்ன நிபந்தனை என்றும் எழுத்திலேயே கேளுங்கள். ஜெபம் பண்ணிக்கொண்டு சும்மா இருந்தால் வட்டி நிற்காது.

முப்பது நாள் மாதங்களில் 31ஆம் அதிகாரம் விடுபட்டுப் போகும். 30ஆம் தேதி இரண்டையும் சேர்த்து வாசித்துவிடுங்கள். குணசாலியான ஸ்திரீயைப் பற்றிய பகுதியை அன்னையர் தினத்துக்கு மட்டும் எடுத்துவைப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அதன் 15ஆம் வசனத்தில் அவள் இருட்டோடே எழுந்து தன் வீட்டாருக்கு ஆகாரம் கொடுத்து, வேலைக்காரிகளுக்குப் படியளக்கிறாள். உங்கள் வீட்டில் பணிப்பெண் இருந்தால் இந்த வசனத்துக்கு இடம் உங்கள் சமையலறைதான். 2023 ஜனவரி முதல், மாதத்தில் குறைந்தது ஓர் ஓய்வுநாளையாவது பணம் கொடுத்து ஈடுகட்டாமல் அவருக்கு விட்டே ஆகவேண்டும் என்பது இங்கே சட்டம். சட்டம் சொல்லும் ஒன்றோடு நின்றுவிடாதீர்கள். அடுத்த மாத நாட்காட்டியில் சபைக் கூட்டங்களையும் பிறந்தநாள் விருந்துகளையும் குறிப்பதற்கு முன்னால், எந்தெந்த ஞாயிறு வேண்டும் என்று அவரைக் கேட்டு, அவருடைய பெயரை முதலில் எழுதுங்கள்.