கப்பியில் பாரம் ஏற்றப் போகிறீர்களா? முதலில் மேலே பாருங்கள்

மாடியில் சின்னதாக ஒரு கட்டு வேலை. சிமெண்ட் மூட்டையை ஒற்றைக் கப்பி போட்டு மேலே ஏற்ற வேண்டும். எல்லோரும் கயிறு தாங்குமா என்றுதான் கேட்கிறார்கள். கப்பி தொங்கும் இடம் தாங்குமா என்பதுதான் முதல் கேள்வி.

ஒரு பக்கம் 50 கிலோ மூட்டை தொங்குகிறது. அதை நிறுத்திப் பிடிக்க மறுபக்கம் நீங்களும் 50 கிலோ அளவுக்கு இழுக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்து 100 கிலோ, கப்பி மாட்டிய இடத்தில் இறங்குகிறது. வெடுக்கென்று இழுத்தால் இன்னும் கூடும். அதனால் புதிதாகக் கட்டிய கைப்பிடிச்சுவரிலோ சாரக்கம்பிலோ கப்பியை மாட்டவே கூடாது. கான்கிரீட் உத்திரத்தைச் சுற்றிச் சங்கிலி போட்டு மாட்டுங்கள். வெளியே நீட்டிய குழாயில் மாட்டுவதானால் அதன் பின்முனையைத் தூணோடு இறுகக் கட்டுங்கள்; மேலே மணல் மூட்டையை வைத்தால் போதும் என்று விடாதீர்கள். பக்கத்தில் மின்கம்பி போனால் அந்த இடமே வேண்டாம்.

அடுத்து கயிறு. கடையில் நைலான் என்று கொடுப்பது பல நேரம் பாலிபுரொப்பிலீனாக இருக்கும். ஒரு துண்டைத் தண்ணீரில் போடுங்கள், மிதந்தால் அது நைலான் இல்லை. அதுவும் நல்ல கயிறுதான், ஆனால் வெயில் அதைத் தின்றுவிடும். தேய்த்தால் தூள் உதிர்கிற கயிற்றை அன்றே வெட்டிப் போடுங்கள், வேறு எதற்கும் எடுத்து வைக்காதீர்கள். கயிறு அறும் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்ற வேண்டாம்; முடிச்சு போட்ட இடத்தில் பலம் பாதிவரை குறையலாம். கைக்குப் பிடி கிடைக்க 16 மி.மீ. கயிறு வசதி. அதற்குக் கப்பியின் சக்கரம் 5 அங்குலமாவது இருக்கட்டும், கயிறு பள்ளத்துக்குள் நன்றாக உட்கார வேண்டும்.

கொக்கியில் பூட்டு இல்லையென்றால் அதன் வாயைக் கட்டுக்கம்பியால் சுற்றிக் கட்டுங்கள்.

சரி, இனி ஏற்றலாம். மூட்டையை ஒரு அடி மட்டும் தூக்கி அப்படியே பிடியுங்கள். மேலே குழாய் வளைகிறதா, முடிச்சு நழுவுகிறதா என்று பாருங்கள். அப்புறம் நிதானமாக, ஒரே வேகத்தில் இழுங்கள். கீழே குழந்தைகள் வராமல் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். மேலே மூட்டையை வாங்குபவர் இடுப்புப் பட்டையைத் தூணில் மாட்டியிருக்க வேண்டும்.

இழுக்கும்போது கயிற்றைத் தயவுசெய்து கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். மூட்டை நழுவினால் விரல் தப்பாது. கை ஓய்ந்தால், தரையில் உறுதியாக நிற்கும் ஒரு தூணில் கயிற்றை இரண்டு சுற்று சுற்றுங்கள். பாரத்தின் பெரும்பகுதியைத் தூண் பிடித்துக்கொள்ளும். இறக்கும்போதும் அதே தூணில் சுற்றியபடியே கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள்.