அமெச்சூர் டிஸ்க் கால்ஃப் தொடர்: எந்தப் போட்டிக்கு அங்கீகாரம் வாங்குவது, எதை விட்டுவிடுவது

அமெரிக்காவில் ஒரு மாநிலத்துக்குள்ளேயே ஆறேழு பூங்காக்களைச் சுற்றிவரும் அமெச்சூர் டிஸ்க் கால்ஃப் (தட்டை எறிந்து கூடையில் விழவைக்கும் ஆட்டம்) தொடர்கள் நிறைய. குளிர் விட்டதும் தொடங்கி, இலை உதிரும்போது முடியும். அடுத்த ஆண்டுத் தேதிகளைக் குறிக்க உட்காரும்போதெல்லாம் ஒரே வாக்குவாதம்தான்: பி.டி.ஜி.ஏ. என்ற சங்கத்தின் அங்கீகாரம் வேண்டுமா, வேண்டாமா? அங்கீகாரம் தொடருக்கு அல்ல, ஒவ்வொரு போட்டிக்கும் தனித்தனியாக வாங்குவது. அதனால் ‘முழுத் தொடருக்கும் ஆம்’, ‘முழுத் தொடருக்கும் இல்லை’ என்று கட்சி கட்டத் தேவையே இல்லை. ஆறு போட்டியில் நான்குக்கு வாங்கி, இரண்டை விட்டுவிடுவதுதான் பெரும்பாலான தொடர்களுக்குச் சரியாக வரும். எந்த நான்கு என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

பி.டி.ஜி.ஏ. என்பது தொழில்முறை டிஸ்க் கால்ஃப் சங்கம். சங்கிலிக் கூடையைக் கண்டுபிடித்த எட் ஹெட்ரிக் 1976-இல் தொடங்கியது. தலைமையகம் ஜார்ஜியா மாநிலத்து ஆப்லிங்கில் இருக்கிறது. பெயரில் தொழில்முறை என்று இருந்தாலும் உறுப்பினர்களில் பெரும்பாலோர் அமெச்சூர்கள்தான். உள்ளூர்த் தொடர் பெரும்பாலும் கேட்பது சி-டியர் (கீழ்ப் படி) அங்கீகாரம். பி, ஏ எனப் படி ஏற ஏற, பரிசுத் தொகை முதல் ஏற்பாடுகள் வரை எல்லாமே கெடுபிடி. புதிய தொடர் முதல் ஆண்டிலேயே பி-டியருக்கு ஆசைப்படக் கூடாது.

முதல் வேலை: சென்ற ஆண்டுப் பட்டியலை எண்ணுங்கள்

சென்ற ஆண்டு முடிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இரண்டு விவரம் எழுதுங்கள்: உறுப்பினரா, ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) இருக்கிறதா. இந்த ஒரு தாள் பாதி வாக்குவாதத்தை முடித்துவிடும்.

சி-டியரில் உறுப்பினர் அல்லாதவரும் ஆடலாம். ஆனால் ஒவ்வொரு போட்டிக்கும் தனிக் கட்டணம் கூடுதலாகக் கட்ட வேண்டும். அது பல ஆண்டுகளாக 10 டாலர். அமெச்சூர் உறுப்பினர் சந்தா ஆண்டுக்கு 50 டாலர். இந்தக் கட்டணங்கள் மாறக்கூடியவை, நடப்பு ஆண்டு அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த விகிதப்படி ஐந்து போட்டி ஆடுபவருக்குச் சந்தா கட்டுவதும் ஒன்றுதான், கட்டாததும் ஒன்றுதான். ஆறாவதிலிருந்து சந்தாதான் லாபம். வருடத்தில் ஒன்றிரண்டு தடவை எட்டிப்பார்ப்பவருக்கோ 40 டாலர் நுழைவு 50 ஆகிறது. உங்கள் பட்டியலில் முக்கால்வாசி இப்படிப்பட்டவர்கள் என்றால், எல்லாப் போட்டிக்கும் அங்கீகாரம் வாங்குவது அவர்களை வாசலோடு திருப்பி அனுப்புவது மாதிரி. (ஏ-டியரில் உறுப்பினர் அல்லாதவருக்கு இடமே இல்லை.)

ரேட்டிங் எப்போது வரும், எப்போது வராது

அங்கீகாரத்துக்கு மெனக்கெடுவதற்கு முதல் காரணம் ரேட்டிங். 1000 என்பது ஸ்கிராட்ச் ஆட்டக்காரரின், அதாவது மற்றவர்களை ஒப்பிட அடிப்படையாக வைக்கும் தேர்ந்த ஆட்டக்காரரின் அளவு. நடுத்தரக் களத்தில் ஒரு எறி ஏறத்தாழ 10 புள்ளி. அதாவது 900 ரேட்டிங்காரர் ஸ்கிராட்ச் ஆட்டக்காரரைவிடச் சுற்றுக்குப் பத்து எறி கூடுதலாக எடுப்பார். இந்தக் கணக்கு களத்தின் பாரை (கூடைக்கு இத்தனை எறி என்று குறித்த எண்ணிக்கை) வைத்துப் போடப்படுவதில்லை. ஏற்கெனவே ரேட்டிங் உள்ளவர்கள் அன்றைக்கு அதே அமைப்பில், அதாவது எறியத் தொடங்கும் இடமும் கூடையும் மாறாமல், எத்தனை எறிந்தார்கள் என்பதை வைத்துப் போடுவது. அப்படி அளவுகோலாக நிற்பவர்களுக்குப் புராபகேட்டர் என்று பெயர். ஒரு அமைப்புக்குக் குறைந்தது ஐந்து புராபகேட்டராவது வேண்டும்; சுற்றில் குறைந்தது 13 கூடையாவது இருக்க வேண்டும்.

பல தொடர்கள் சறுக்குவது இங்கேதான். புதியவர்கள், சிறுவர்கள், பெண்கள் பிரிவுகளைச் சிவப்பு டீயிலிருந்து (டீ என்பது எறியத் தொடங்கும் இடம்), மற்றவர்களை நீல டீயிலிருந்து ஆடவிடுவது வழக்கம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ரேட்டிங் கணக்கில் அவை இரண்டு தனி அமைப்புகள். சிவப்பு டீயில் ஆடும் பதினைந்து பேரில் மூன்று பேருக்குத்தான் பழைய ரேட்டிங் இருக்கிறது என்றால், அந்தப் பதினைந்து பேருக்கும் அன்று ரேட்டிங் வராது. அவர்களில் உறுப்பினர் அல்லாதவர்கள் கூடுதல் கட்டணத்தையும் கட்டியிருப்பார்கள். இதைத் தவிர்க்க வழி: அனுபவமுள்ள மூத்தோர் பிரிவு ஒன்றையும் சிவப்பு டீக்கு நகர்த்துங்கள். ஐந்து பேர் சேர்ந்துவிடுவார்கள். அப்படி ஒரு பிரிவு இல்லையென்றால், புதியவர்களுக்கான நாளை அங்கீகாரம் இல்லாமலே நடத்திவிடுவது நேர்மை.

இன்னொரு தவறு அமைப்பைப் பதிவு செய்வதில் நடக்கிறது. காலையில் கூடைகள் ஒரு இடத்தில், மதியத்துக்கு நான்கு கூடையைத் தொலைவாக நகர்த்திவிட்டார்கள்; ஆனால் பதிவில் இரண்டு சுற்றுக்கும் ஒரே அமைப்பு. விளைவு, காலையில் கணக்குக்கு மேல் ரேட்டிங், மதியத்தில் அநியாயமாகக் குறைவு. புகார் மின்னஞ்சல் வந்த பிறகு திருத்துவதைவிட, முன்தின மாலையே ஸ்கோர் செயலியில் இரண்டு அமைப்பையும் தனித்தனியாக ஏற்றி, ஒவ்வொரு கூடையின் தூரத்தையும் களத்தில் நடந்தே சரிபார்ப்பது சுலபம்.

பிரிவுகளும் அவை தரும் நிம்மதியும்

அமெச்சூர் பிரிவுகள் எம்.ஏ.1 முதல் எம்.ஏ.4 வரை. (பட்டம் அல்ல, மிக்ஸ்டு அமெச்சூர் என்பதன் சுருக்கம்.) எம்.ஏ.2-க்கு ரேட்டிங் 935-க்குக் கீழே இருக்க வேண்டும், எம்.ஏ.3-க்கு 900-க்குக் கீழே, எம்.ஏ.4-க்கு 850-க்குக் கீழே. அங்கீகாரம் இல்லாத தொடரில் யார் எந்தப் பிரிவு என்பதை முகம் பார்த்து முடிவு செய்ய வேண்டியிருக்கும். கைதேர்ந்தவர் ஒன்றும் தெரியாதவர்போல் கீழ்ப்பிரிவில் இறங்கிப் பரிசை அள்ளிக்கொண்டு போவதும், அதை யார் போய்க் கேட்பது என்று நடத்துபவர் நெளிவதும் வாடிக்கை. ரேட்டிங் இருந்தால் அந்தச் சண்டையை எண் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் தொடருக்கு மட்டும் வரும் ஒரு சிக்கல் இதிலேயே ஒளிந்திருக்கிறது. ரேட்டிங் மாதாமாதம் புதுப்பிக்கப்படும். ஏப்ரலில் 885 இருந்தவர் நன்றாக ஆடி ஜூலையில் 907 ஆகிவிட்டால், அதற்குப் பிறகு வரும் அங்கீகாரப் போட்டிகளில் அவரை எம்.ஏ.3-இல் சேர்க்க முடியாது. எம்.ஏ.3 தொடர்ப் பட்டியலில் முதலிடத்தில் இருப்பவரும் அவராகவே இருப்பார்! அவர் சேர்த்த புள்ளிகள் என்ன ஆகும்? இதற்கான விதியைத் தொடர் தொடங்கும் முன்பே எழுதி வெளியிடுங்கள். பிரிவு மாறினால் பாதிப் புள்ளிகள் புதிய பிரிவுக்குப் போகும் என்று வைப்பது ஓரளவு எல்லோரும் ஏற்கும் வழி. முழுப் புள்ளிகளையும் கொண்டுபோகவிட்டால் எம்.ஏ.2-காரர்கள் முணுமுணுப்பார்கள், ஒன்றுமே இல்லை என்றால் அவர் ஆகஸ்டில் வரமாட்டார்.

பிரிவுகளைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். அறுபது பேருக்குப் பன்னிரண்டு பிரிவு வைத்தால் மூன்று பேர் ஆடி இரண்டு பேர் பரிசு வாங்கும் கூத்து நடக்கும். ஆறு போதும்.

பூங்காவும் காப்பீடும்

பூங்கா நகராட்சியுடையது என்றால், அனுமதி கேட்கும்போது பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றிதழைக் கேட்பார்கள். அதில் நகராட்சியின் பெயரையும் காப்பீடு பெறுவோரில் ஒருவராகச் சேர்க்கச் சொல்வார்கள். அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற போட்டிகளுக்கு இந்தச் சான்றிதழைப் பி.டி.ஜி.ஏ. வழியாகவே வாங்கலாம். அங்கீகாரம் இல்லாவிட்டால் வெளியே ஒருநாள் காப்பீடு எடுக்க வேண்டும்; அந்தச் செலவைத் தெரிந்துகொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள். நடைபாதையும் விளையாட்டுத் திடலும் ஒட்டியிருக்கும் பூங்காவில் இந்த ஒரு விஷயமே முடிவைத் தீர்மானித்துவிடும். தனியார் நிலத்தில் நடத்தினாலும் காப்பீடு இல்லாமல் நடத்தாதீர்கள். 175 கிராம் டிஸ்க் ஒன்று வேகமாக வந்து நெற்றியில் பட்டால் தையல் போட வேண்டியிருக்கும்.

பரிசுக் கணக்கு

அமெச்சூருக்குப் பணமாகப் பரிசு கிடையாது, பொருளாகத்தான். அந்தப் பொருளைச் சில்லறை விலையில் மதிப்பிடலாம் என்பதில்தான் அமெச்சூர் போட்டிகளின் பொருளாதாரமே நிற்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்கு மட்டும். அறுபது பேர், தலைக்கு 40 டாலர் என்றால் 2,400. ஆளுக்கு 3 டாலர் அங்கீகாரக் கட்டணம், 2 டாலர் பூங்காவுக்கு என 300 போனால் மிச்சம் 2,100. இதை முழுக்கத் திருப்பித் தருவதாக வைத்துக்கொண்டால், சில்லறையில் 18 டாலர் விலையுள்ள டிஸ்க் ஏறத்தாழ 116 தர வேண்டும். மொத்த விலையில் ஒன்று 10 டாலருக்குக் கிடைத்தால் செலவு 1,160. கையில் நிற்கும் 940-இல்தான் கோப்பை, காப்பீடு, தற்காலிகக் கழிப்பறை, தண்ணீர் எல்லாம். வருகையாளர் பையில் எல்லோருக்கும் ஒரு டிஸ்க் வைத்தால் அதுவும் இந்த 2,100-இல் சேரும்.

இதை ஒளிக்க வேண்டியதில்லை. கணக்கை அப்படியே வெளியிடுங்கள். யாருக்கும் வேண்டாத பழைய சரக்கை ஒட்டிய விலைக்கே மதிப்பிட்டுத் தள்ளும்போதுதான் ஆட்களுக்குக் கோபம் வரும். டிஸ்க்குக்குப் பதில் உள்ளூர்க் கடைச் சீட்டு கொடுத்தால் வாங்குபவர் வேண்டியதை எடுத்துக்கொள்வார்.

அங்கீகாரம் வந்ததும் களத்தில் மாறுபவை

உள்ளூர் வழக்கங்கள் பல செல்லாது. கூடைக்கு 10 மீட்டருக்குள் எறிந்துவிட்டு நிலைதடுமாறி முன்னே கால் வைக்கக் கூடாது. எறிய 30 விநாடிதான். தாமதமாக வந்தால் தவறவிட்ட ஒவ்வொரு கூடைக்கும் பாருடன் நான்கு கூட்டி எழுத வேண்டும். ஸ்கோரைத் தப்பாகக் கொடுத்தால் இரண்டு எறி அபராதம். அங்கீகரிக்கப்பட்ட டிஸ்க் மட்டுமே ஆடலாம். எடைக்கும் வரம்பு உண்டு: விட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராம், எப்படியும் 200 கிராமுக்கு மேல் போகக் கூடாது. 21.2 செ.மீ. டிரைவருக்கு (தொலைவுக்கு எறியும் டிஸ்க்) இது 176 கிராமுக்குக் கொஞ்சம் கீழே வரும். சுற்றின் நடுவே பீர் குடிப்பதும் நின்றுபோகும். வெள்ளிக்கிழமை மாலைக் கூட்டத்தை அதற்காகவே நடத்துபவர்கள் அதற்கு அங்கீகாரம் கேட்காமல் இருப்பதே நல்லது.

இருவர் அணி ஆட்டத்துக்கு ரேட்டிங் இல்லை. விதியை மாற்றி ஆடும் வடிவங்களுக்கு எக்ஸ்-டியர் என்று தனி ஒப்புதல் கேட்க வேண்டும். இதற்கெல்லாம் மெனக்கெடத் தேவையில்லை. டிஸ்க்ராஃப்ட் நிறுவனத்தின் ஏஸ் ரேஸ் மாதிரி, ஒரே எறியில் கூடையில் விழுவதை எண்ணும் வேடிக்கை நாளுக்கு ரேட்டிங்கே வேண்டியதில்லை. ஹேண்டிகேப் (திறன் குறைந்தவருக்குச் சலுகை எறிகள்) வைத்து ஆடுவதும் இந்த வகைதான்.

வாங்குவதென்று முடிவானால்

நடத்துபவர் நடப்பு உறுப்பினராகவும், இணையவழி விதிமுறைத் தேர்வில் தேறியவராகவும் இருக்க வேண்டும். புத்தகத்தைப் பார்த்து எழுதும் தேர்வுதான், ஆனால் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். துணை நடத்துநரும் எழுதிவிட்டால் நல்லது, ஒருவர் காய்ச்சலில் படுத்தாலும் போட்டி நிற்காது. அடுத்து மாநில ஒருங்கிணைப்பாளரிடம் தேதி பேசுங்கள். பக்கத்து ஊரில் அதே வாரம் ஏ-டியர் இருந்தால் தேதி கிடைக்காது, கிடைத்தாலும் ஆள் வராது. எல்லாத் தேதிகளையும் குளிர்காலத்திலேயே ஒன்றாகக் கேட்டுவிடுங்கள். பிறகுதான் பூங்கா அனுமதி, காப்பீட்டுச் சான்றிதழ், பதிவுப் பக்கம். பதிவுப் பக்கத்திலேயே உறுப்பினர் அல்லாதோர் கட்டணத்தைத் தனி வரியாகக் காட்டுங்கள். காலை எட்டு மணிக்கு மேசையில் சில்லறை தேடும் வேலை மிச்சம்.

போட்டி அன்று செயலியோடு காகித அட்டையும் குழுவுக்கு ஒன்று கொடுங்கள். காட்டுக்குள் சிக்னல் கிடைக்காத கூடை எந்தக் களத்திலும் இரண்டு மூன்று இருக்கும். அன்று இரவே முடிவுகளை ஒப்பிட்டு, உறுப்பினர் எண்களைச் சரிபார்த்து, அறிக்கையும் கட்டணமும் அனுப்பிவிடுங்கள். ஒரு எண் பிசகினால் அந்தச் சுற்று வேறு யாருடைய கணக்கிலோ போய் உட்கார்ந்துகொள்ளும். தள்ளிப்போட்டால் அந்த மாத ரேட்டிங்கில் வராது. 905-ஐத் தாண்டியிருக்க வேண்டியவர் பழைய 890-ஐக் காட்டி அடுத்த போட்டிக்கும் எம்.ஏ.3-இல் பெயர் கொடுத்துவிடுவார். அவரைத் தடுக்க உங்களிடம் விதியும் இருக்காது.